சிறுமலை லைனை எடுத்துவிடலாமா?

திண்டுக்கல்லில் ஏஜென்சி எடுத்து நடத்துகிற யாரிடமாவது, "உங்க லைன் வண்டிக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகும்?" என்று கேட்டுப் பாருங்கள். டீசல் கணக்கைச் சொல்வார். கொஞ்சம் யோசித்தால் டிரைவர் பேட்டாவையும் சேர்த்துக்கொள்வார். அன்றாடம் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவை இரண்டும்தான் என்பதால் கண்ணில் படுவதும் அவைதான். மாதச் சம்பளம், வண்டித் தவணை, இன்சூரன்ஸ், டயர் எல்லாம் வேறு வேறு தேதியில், வேறு வேறு தலைப்பில் போய்விடும். எந்த லைனுக்காகப் போயின என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் இந்த ஊரில் நாலைந்து ஏஜென்சிகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். பிஸ்கட், சோப்பு, மசாலாப் பொடி, சேமியா என்று கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்கி, சுற்றுவட்டார மளிகைக் கடைகளுக்கும் பெட்டிக் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள் என் முதலாளிமார். லைன் என்றால் கிழமைக்கு ஒரு பக்கம். திங்கள் நத்தம், செவ்வாய் வேடசந்தூர், எரியோடு, புதன் வடமதுரை, அய்யலூர் என்று போகும். முதல் நாள் சேல்ஸ்மேன் பைக்கில் போய்க் கடை கடையாக ஆர்டர் எடுப்பார். சாயங்காலம் பில் அடிப்போம். மறுநாள் காலையில் லோடு ஏற்றி வண்டியை அனுப்புவோம். வண்டி பெரும்பாலும் குட்டி யானைதான். 2005-ல் டாடா ஏஸ் வந்ததிலிருந்து சின்ன ஏஜென்சிகளுக்கு அதுதான் கதி. முக்கால் டன் ஏற்றிக்கொண்டு சந்து பொந்தெல்லாம் நுழைந்து வரும்.

இந்த முதலாளிகளில் ஒரு அண்ணாச்சி ஒரு நாள் டேலி மென்பொருளில் லைன் வாரியான விற்பனையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிறுமலை லைனை எடுத்துரலாம்னு பாக்குறேன்மா. மலையேறிப் போயி முப்பத்தஞ்சாயிரத்துக்கு வித்துட்டு வாரான். டீசலுக்கே கட்டாது."

"டீசலுக்குக் கட்டும் அண்ணாச்சி. மத்ததுக்குக் கட்டுதான்னுதான் பாக்கணும்" என்றேன்.

சிறுமலை திண்டுக்கல்லுக்குத் தென்கிழக்கே, இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவு. மலை வாழைப்பழத்துக்குப் பேர் போன ஊர். கடைகள் குறைவு. எங்கள் வண்டி வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை போய்ப் பதினோரு கடைக்குச் சரக்கு இறக்கிவிட்டு வரும். வேடசந்தூர் லைனில் அதே வண்டி நாற்பத்திரண்டு கடைக்கு அறுபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு இறக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணாச்சிக்குத் தோன்றியதுதான் எவருக்கும் தோன்றும்.

சரி, கணக்குக்கு வருவோம். எண்களைக் கொஞ்சம் முழுசாக்கியே தருகிறேன். உங்கள் ஊர் வண்டிக்கு வேறு மாதிரி வரலாம், போடும் முறை ஒன்றுதான்.

முதலில், வண்டி குடோனை விட்டு நகராவிட்டாலும் ஆகிற செலவு. டிரைவருக்கு மாதம் 16,000, லோடுமேனுக்கு 13,000. வண்டி ஆறு லட்சத்துக்கு வாங்கியது. ஏழு வருஷம் ஓட்டி ஒன்றரை லட்சத்துக்கு விற்போம் என்று வைத்துக்கொண்டால், தேய்கிற நாலரை லட்சத்தை 84 மாதத்துக்குப் பங்கிட மாதம் 5,400 வருகிறது. ஆடிட்டர் வருமான வரிக்காக ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் போடுவார். அது வரிக்கான கணக்கு, லைன் கணக்குக்கு அதைத் தூக்கிவரக் கூடாது. வண்டியில் முடங்கிக் கிடக்கிற பணத்துக்கு வட்டி மாதம் 3,100. சொந்தப் பணம் போட்டு வாங்கியவர்கள் "எனக்குத்தான் தவணையே இல்லையே" என்று இதை விட்டுவிடுவார்கள். அந்தப் பணம் பேங்கில் கிடந்தாலும் ஏதோ ஒரு வட்டி கொடுத்திருக்கும் இல்லையா? அப்புறம் இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி. இந்த ரக சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 16,049 ரூபாய். வண்டிக்கான காப்பீட்டையும் மற்றதையும் சேர்த்தால் வருஷத்துக்கு 36,000, மாதத்துக்கு 3,000. எல்லாம் கூட்டினால் 40,500. மாதம் 26 நாள் ஓடுகிறது. ஆக, ஒரு நாளைக்கு 1,560 ரூபாய்.

அடுத்தது ஓடினால் ஆகிற செலவு. லோடோடு, நின்று நின்று போகிற வண்டி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால் நல்லது. டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 65 காசு. டயர் தேய்மானம், ஆயில், சர்வீஸ், பிரேக், கிளட்ச் எல்லாம் சேர்த்து 1 ரூபாய் 65 காசு. தரையில் 8 ரூபாய் 30 காசு ஆகிறது. மலையில் மைலேஜ் பத்துக்கு இறங்கிவிடும். இறங்கும்போது பிரேக் தேயும், ஏறும்போது கிளட்ச் தேயும். அங்கே கிலோமீட்டருக்கு 11 ரூபாய் 80 காசு போட்டேன். இது போக, வெளியூர் லைனுக்குப் போனால் இரண்டு பேருக்கும் பேட்டா 300.

இதுவரைக்கும் எந்தக் கணக்குப்பிள்ளையும் போட்டுவிடுவார். இதற்குப் பிறகுதான் பெரும்பாலானவர்கள் கிலோமீட்டரைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாளொன்றுக்கான 1,560-ஐக் கிலோமீட்டரால் வகுத்து, தூரமான லைன் செலவான லைன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். டிரைவருக்கும் லோடுமேனுக்கும் நாம் சம்பளம் கொடுப்பது கிலோமீட்டருக்கா? அவர்கள் நேரத்துக்குத்தானே கொடுக்கிறோம். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறுக்குத் திரும்புகிற வண்டிக்கு ஒன்பது மணி நேரம். 1,560-ஐ ஒன்பதால் வகுத்தால் மணிக்கு 173 ரூபாய். வண்டி ஓடினாலும் நின்றாலும், கடைக்காரர் பில்லைச் சரிபார்த்தாலும், சில்லறை தேடினாலும் இந்த மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் எந்தக் கடையில் எவ்வளவு நேரம் போகிறது என்று தெரிய வேண்டும். ஒரு நோட்டைக் கொடுத்து, கடைக்குப் போன நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் எழுதி வரச் சொன்னேன். டிரைவர் தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. வேவு பார்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அக்கா, சில கடையில அவரு சாப்பிடப் போயிருவாரு. வர்ற வரைக்கும் நிக்கணும். அதையுமா எழுதணும்?"

"அதைத்தான் முதல்ல எழுதணும் தம்பி."

அதற்குப் பிறகு அவரே ஆர்வமாகிவிட்டார். யார் யார் காக்க வைக்கிறார்கள் என்று முதலாளிக்குத் தெரியட்டும் என்ற நினைப்பு. வண்டியில் ஜி.பி.எஸ். மாட்டியிருக்கிறது, அது வண்டி எரியோட்டில் இருபது நிமிஷம் நின்றதைக் காட்டும். கடைக்காரர் பழைய பாக்கியைப் பற்றித் தகராறு செய்ததால் நின்றதா, லோடுமேன் டீ குடிக்கப் போனதால் நின்றதா என்பதை நோட்டுதான் சொல்லும்.

நோட்டு சொன்ன இன்னொன்று காலை நேரத்து லோடைப் பற்றியது. அவசரமான நாளில் லோடுமேன் சரக்கு வாரியாக ஏற்றிவிடுவார். பிஸ்கட் பெட்டி எல்லாம் ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம், மசாலா ஒரு பக்கம். ஏற்றுவது சுலபம். ஒவ்வொரு கடையிலும் மேலே ஏறி, இதில் மூன்று அதில் ஐந்து என்று எண்ணி எடுக்க வேண்டும். டிரைவர் தம்பி கூட நிற்கிற நாளில் பில்களைத் தலைகீழாக அடுக்கிக்கொள்வார். கடைசிக் கடையின் சரக்கு முதலில் உள்ளே போகும், கேபினை ஒட்டி. முதல் கடையின் சரக்கு கதவோரம் வந்து உட்காரும். ஒவ்வொரு கடையின் சரக்கையும் அட்டைப் பெட்டியிலோ சாக்கிலோ சேர்த்துக் கட்டி, மேலே பில் நம்பரை மார்க்கரில் எழுதிவிடுவார். சோப்புப் பெட்டியைப் பிஸ்கட்டோடு ஒட்டி வைக்க விடமாட்டார், வாசம் ஏறும். இப்படி ஏற்றக் காலையில் அரை மணி கூடுதலாகும். ஆனால் கடைக்குப் பதினான்கு நிமிஷம் ஆன இடத்தில் ஒன்பது நிமிஷத்தில் வேலை முடியும். நாற்பத்திரண்டு கடைக்கு ஐந்து நிமிஷம் என்று பெருக்கினால் மூன்றரை மணி நேரம். டீசலில் யாரும் இவ்வளவு மிச்சம் பிடித்துக் காட்ட முடியாது.

இப்போது சிறுமலை. சராசரியாக நூற்றுக்கு ஐந்து ரூபாய் மார்ஜின். 35,000-க்கு 1,750 ரூபாய் வருமானம். போக, வர, மேலே ஊருக்கு ஊர் சுற்ற எல்லாம் சேர்த்து 60 கிலோமீட்டர். அதற்கு ஏறத்தாழ 710. பேட்டா 300. நாள் செலவு 1,560. ஆக 2,570. வாரா வாரம் 820 ரூபாய் நட்டம். அண்ணாச்சி சொன்னது சரியென்றே தோன்றும்.

நோட்டைப் பிரித்தால் வேறு கதை. ஏறி இறங்கவும் மேலே சுற்றவும் இரண்டரை மணி, கடைகளில் இரண்டு மணி. நாலரை மணி நேரத்தில் வண்டி கீழே வந்துவிடுகிறது. அதன் பிறகு குடோனில் நிற்கிறது. "மலை ஏறி இறங்கின வண்டி, ரெஸ்ட் கொடுக்கணும்" என்று ஒரு பழக்கம், அவ்வளவுதான். மீதி நாலரை மணி நேரத்தின் செலவைச் சிறுமலைக் கடைக்காரர்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும்? அவர்கள் பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் போட்டால் 780. அதோடு 710, பேட்டா 300. மொத்தம் 1,790. நட்டம் நாற்பது ரூபாய். சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. இந்த லைனை எடுத்துவிட்டால் எந்தச் செலவு நிஜமாகவே நிற்கும்? டிரைவர் சம்பளம் நிற்குமா? நிற்காது, வெள்ளிக்கிழமை ஒரு நாள் வண்டி நின்றதற்காக மாதச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. இன்சூரன்ஸ்காரர் குறைத்துக்கொள்வாரா? வண்டி வாங்கிய பணத்தின் வட்டி? நிற்பது மலையேறும் டீசலும் தேய்மானமும் பேட்டாவும்தான். ஆக 1,010 ரூபாய் மிச்சமாகும். 1,750 ரூபாய் வருமானம் போய்விடும். லைனை எடுத்தால் அண்ணாச்சிக்கு வாரம் 740 ரூபாய் கையைக் கடிக்கும்.

ஒரே லைன், ஒரே எண்கள், மூன்று விடை. இதில் தில்லுமுல்லு எதுவும் இல்லை. வண்டியை விற்றுவிட்டு ஆளையும் அனுப்பிவிடலாமா என்று யோசிப்பவருக்கு முதல் விடை. கடைகளுக்கு என்ன தள்ளுபடி கொடுக்கலாம், எந்த லைன் எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று பார்ப்பவருக்கு இரண்டாவது. வண்டியும் ஆளும் இருக்கப்போகிறார்கள், இந்த ஒரு லைன் மட்டும் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பவருக்கு மூன்றாவது. அண்ணாச்சி கேட்டது மூன்றாவது கேள்வி. அவர் மனசில் வைத்திருந்தது முதல் விடை. கட்டுப்படியாகாத லைன் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சமிருக்கிற இரண்டு லைன் மொத்தச் செலவையும் சுமக்க முடியாமல் ஏஜென்சியையே விட்டவர்களை இந்தத் தொழிலில் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள்.

வாடகை வண்டி வைத்து ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிரிப்புக்கு 2,000 ரூபாய் என்று பேசி அனுப்புகிறவர் லைனை எடுத்தால் அந்த 2,000-மும் அப்படியே நிற்கும். அவருக்குச் சிறுமலை 250 ரூபாய் நட்டம்தான். எடுத்துவிடலாம், அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்பது சொந்த வண்டிக்காரரும் யோசிக்க வேண்டியது. வாரம் 35,000 வாங்கும் கடைகள் இரண்டு வாரத்துக்கு 70,000 வாங்கிவிடாது. 60,000 வாங்கினால் பத்தாயிரம் விற்பனையில் 500 ரூபாய் போகும், ஒரு டிரிப்பின் 1,010 ரூபாய் மிச்சமாகும். காகிதத்தில் லாபம். ஆனால் 60,000 ரூபாய்ச் சரக்கு ஒரே நடையில் அந்த வண்டியில் போகுமா? சோப்பு என்றால் எடை முதலில் நிரம்பும், சிப்ஸ், சேமியா என்றால் இடம் முதலில் நிரம்பும். நாம் போகாத வாரத்தில் போட்டிக் கம்பெனி வண்டி போய் அலமாரியில் இடம் பிடித்துவிடும் என்பது வேறு. அண்ணாச்சியிடம் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை.

செய்தது இதுதான். மலையிலிருந்து இறங்கியதும் அதே வண்டி சாயங்காலம் நாகல்நகர், பேகம்பூர் பக்கம் உள்ளூர் டெலிவரிக்குப் போகும். அதுவரை அந்த வேலைக்கு 700 ரூபாய் கொடுத்து லோடு ஆட்டோ வைத்திருந்தோம். டிரைவருக்கும் லோடுமேனுக்கும் ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுக்கச் சொன்னேன். அண்ணாச்சி முதலில் முனகினார், 500 ரூபாய் மிச்சம் என்றதும் சரியென்றார். மலையிலிருந்து சும்மா இறங்கி வருகிற வண்டியில் வாழைத்தார் ஏற்றி வாடகை வாங்கலாமே என்று அவரே ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். தார் வெட்டி வரும் வரைக்கும் காத்து நின்றால் மணிக்கு 173 போகிறது, அதையும் பார்த்துக்கொண்டு வாடகை பேசுங்கள் என்றேன்.

இனி, யாரும் சந்தேகப்படாத வேடசந்தூர் லைன். 68,000-க்கு மார்ஜின் 3,400. எழுபது கிலோமீட்டருக்கு 580, பேட்டா 300, முழு நாள் 1,560. மிச்சம் 960. இதிலிருந்துதான் குடோன் வாடகையும், சேல்ஸ்மேன் சம்பளத்தில் கம்பெனி கொடுத்தது போக மீதியும், என் சம்பளமும் வர வேண்டும் என்பது வேறு விஷயம். அவற்றை லைனில் ஏற்றுவதில்லை, எந்த லைனை எடுத்தாலும் அவை நிற்காது.

ஆனால் லைனோடு சேர்ந்த ஒன்று இதில் விடுபட்டிருக்கிறது. சிறுமலைக் கடைக்காரர்கள் கையில் காசைக் கொடுத்துத்தான் சரக்கை இறக்குவார்கள். வேடசந்தூரில் மூன்று வாரக் கடன். அங்கே நூற்பாலைகள் அதிகம். ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளம் வந்தால்தான் கடைக்காரருக்குப் பாக்கி வசூலாகும், கடைக்காரருக்கு வந்தால்தான் நமக்கு. 68,000 ரூபாய் 21 நாள் வெளியே நிற்பதற்கு 12 சதவீத வட்டியில் 470 ரூபாய். 960-இல் பாதி காலி. கம்பெனிக்கு நாம் முன்பணமாகவோ சில நாளிலோ கொடுத்தாக வேண்டும், நடுவில் நிற்கிற பணம் நம்முடையது. இந்த வட்டியை எந்த ஏஜென்சியிலும் லைன் வாரியாக எழுதி நான் பார்த்ததில்லை. ஓ.டி. வட்டி என்று மாதக் கடைசியில் ஒரே வரியாக வரும்.

அடுத்து, நாற்பத்திரண்டு பில்களின் தரம். கடைக்கு ஒன்பது நிமிஷம் நிற்கிறோம். மணிக்கு 173 என்ற கணக்கில் அது 26 ரூபாய். ஐந்து சதவீத மார்ஜினில் 26 ரூபாய் கிடைக்க 520 ரூபாய் பில் வேண்டும். கடை வாசலில் நிற்பதற்கு மட்டுமே இவ்வளவு, அங்கே போய்ச் சேர்ந்த செலவு தனி. நாற்பத்திரண்டில் பத்து பில்லாவது 350, 400 என்று இருந்தன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தப் பத்துக் கடைக்காகவே சொன்னது மாதிரி இருக்கிறது.

அவற்றைக் கைகழுவச் சொன்னால் சேல்ஸ்மேன் சண்டைக்கு வருவார். காரணம் இருக்கிறது. மாதத்துக்கு எத்தனை கடைக்குப் பில் போட்டாய் என்று எண்ணித்தான் கம்பெனி அவருக்கு இன்சென்டிவ் கொடுக்கிறது. 350 ரூபாய்க்கும் ஒரு பில், 3,500 ரூபாய்க்கும் ஒரு பில். எண்ணிக்கை கம்பெனிக்கு, நிமிஷம் ஏஜென்சிக்கு. நடுவழி ஒன்று பார்த்தோம். பத்துக் கடைக்கும் வாரா வாரம் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் பெரிய பில்லாகப் போடச் சொன்னோம். மாத எண்ணிக்கையில் கடை விடுபடாது, நிற்கிற நேரம் பாதியாகும். இரண்டு கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டு எரியோட்டு மொத்தக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். அந்த மொத்தக் கடைக்குச் சரக்குப் போடுவதும் நாங்கள்தான் என்பதால் பெரிய வருத்தமில்லை.

வண்டி எந்தப் பக்கம் சுற்றினால் செலவு குறையும் என்பதை மேல்நாட்டில் ஒரு கணிதத் துறையாகவே வளர்த்துவிட்டார்கள். 1959-ல் ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் என்ற இருவர், ஒரு பெட்ரோல் கிடங்கிலிருந்து பல பங்க்குகளுக்கு லாரிகளை எப்படிப் பங்கிட்டு அனுப்புவது என்று எழுதிய கட்டுரையிலிருந்து அது தொடங்குகிறது. 1964-ல் கிளார்க், ரைட் இருவரும் கையாலேயே போடக்கூடிய ஒரு வழியைச் சொன்னார்கள். இரண்டு ஊருக்குத் தனித்தனியாகப் போய் வந்தால் எவ்வளவு தூரம், ஒரே நடையில் சேர்த்தால் எவ்வளவு தூரம், வித்தியாசம் அதிகமாக வருகிற ஜோடியை முதலில் சேர். வடமதுரை இங்கிருந்து சுமார் 17 கிலோமீட்டர், அய்யலூர் 26, இரண்டும் திருச்சி ரோட்டில். தனித்தனியாகப் போனால் 86, சேர்த்துப் போனால் 52. மிச்சம் 34. நத்தத்தையும் வத்தலக்குண்டையும் சேர்த்தால் ஒன்றும் மிச்சமாகாது, ஒன்று கிழக்கே, இன்னொன்று தென்மேற்கே. எங்கள் டிரைவர்களுக்கு இது பிறவி ஞானம். நேரத்தை வைத்துச் செலவைப் பிரிக்கும் முறையையும் 2004-ல் ராபர்ட் கப்லான், ஸ்டீவன் ஆண்டர்சன் என்ற இருவர் முறைப்படி எழுதி வைத்தார்கள். மணிக்கு 173 என்று நான் போட்டது அந்த வழிதான்.

ஆனால் இந்தச் சூத்திரங்களில் கிழமை இல்லை. அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தை. அன்றைக்கு வண்டியைக் கொண்டுபோனால் நிறுத்த இடம் இருக்காது, கடைக்காரருக்குப் பில் பார்க்கக் கை ஒழியாது, ஒன்பது நிமிஷம் இருபதாகும். புதன்கிழமை போனால் சந்தை வியாபாரத்துக்கென்று கூடுதலாகவும் வாங்குவார், சீக்கிரமும் அனுப்பிவிடுவார். தூரம் அதே 52. லைனின் லாபம் ஒரு கிழமையில் மாறிவிடுகிறது. லைன் பட்டியலைக் கம்ப்யூட்டர் போட்டுத் தந்தாலும், எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதை டிரைவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

பழைய வருஷத்தோடு ஒப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சோப்பு, பற்பசை போன்றவற்றுக்கு ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 118 ரூபாய்க்குப் பில் ஆன சரக்கு 105-க்குப் பில் ஆகிறது. அதே பெட்டிகளைப் போட்டாலும் லைன் விற்பனை நூற்றுக்குப் பதினொன்று குறைந்த மாதிரி தெரியும். பில் தொகையைப் பார்த்து சேல்ஸ்மேனைத் திட்டிய முதலாளிகள் உண்டு. வரிக்கு முந்தைய தொகையைத்தான் எடுக்க வேண்டும், நம் மார்ஜின் அதன் மேல்தான். மேலே நான் கொடுத்த 35,000-மும் 68,000-மும் வரி நீங்கலான தொகை.

இதையெல்லாம் தனி மென்பொருள் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை. டேலியில் காஸ்ட் சென்டர் என்று ஒரு வசதி இருக்கிறது. லைனுக்கு ஒன்றாகத் திறந்துவிட்டு, டீசலையும் பேட்டாவையும் பதிவு போடும்போதே எந்த லைன் என்று குறித்தால் போதும். நேரத்துக்கு அந்த நோட்டு. இரண்டு வாரம் எழுதினால் போதும், வருஷம் முழுக்க எழுதச் சொன்னால் டிரைவர் வேலையை விட்டுவிடுவார்.

வேடசந்தூரில் இப்போது வேறொரு பிரச்சினை. கம்பெனியின் சேல்ஸ் ஆபீசர் வந்து, அந்த லைனில் இன்னும் பதினைந்து கடை சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சின்ன பில்களைக் குறைத்ததில் வாரத்துக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம், ஐந்து கடைக்குச் சரி. மீதிப் பத்துக்கு வண்டி இருட்டிய பிறகும் ஓட வேண்டும். பிற லைன்களிலும் இதே மாதிரி கேட்கிறார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால் இரண்டாவது வண்டி எடுக்காமல் முடியாது.

"சேர்த்துருவோம்மா, கடை கூடினா விற்பனை கூடும்ல" என்றார் அண்ணாச்சி.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இன்னொரு வண்டி என்றால் மாதம் 40,500, டீசல் இல்லாமல். ஐந்து சதவீத மார்ஜினில் அதை எடுக்கவே மாதம் 8,10,000 ரூபாய்க்குப் புதிய விற்பனை வேண்டும். பதினைந்து கடையும் வாரம் ஆயிரத்தைந்நூறு வாங்கினால்கூட அந்த லைனில் மாதம் ஒரு லட்சத்துக்குள்தான் வரும். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, வண்டி மானியம் கொடுத்தால் கடைகளைச் சேர்க்கிறேன் என்று அண்ணாச்சி கம்பெனிக்கு மெயில் அனுப்பச் சொன்னார். மாதம் எட்டாயிரம் கேட்டிருக்கிறோம். அது கிடைத்தாலும் ஆறரை லட்சத்துக்குப் புதிய விற்பனை வேண்டும்.